கசில்டா என்னும் நிலம்

பெரு நாட்டின் தெற்கே, மழையையே பார்த்திராத மணல்காட்டின் நடுவில், மலையிலிருந்து இறங்கிவரும் ஒல்லியான ஓர் ஆற்றின் தயவில் மட்டும் பச்சையாக இருந்த சான் ஹசிந்தோ பள்ளத்தாக்கில், ஸ்பெயின்காரர்கள் கப்பலில் கொண்டுவந்து நட்ட திராட்சைக் கொடி, அவர்களுக்கு நல்லதாகப் படும் அளவையும் தாண்டிச் செழித்துவிட்டது. கொண்டுவந்தது என்னவோ பூசைக்குத்தான். ஆனால் பூசைக்கு வேண்டியது ஒரு கிண்ணம், கொடி கொடுத்ததோ சாடி சாடியாக; மிச்சத்தை என்ன செய்வது என்று பாதிரிமார்கள் கூடி யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஊர் அதைக் குடித்துவிட்டது, ஊர் குடித்து மிஞ்சியதைக் கோவேறு கழுதைகள் மலைமேல் இருந்த வெள்ளிச் சுரங்கத்துக்குச் சுமந்துபோயின, சுரங்கத்தில் குடித்தவர்கள் இன்னும் கேட்டார்கள், இன்னும் நட்டார்கள், இப்படியே போய்ப் போய், கடல் தாண்டி ஸ்பெயினிலிருந்து வருகிற பீப்பாய்களை இந்தக் கரையில் ஒருவரும் திரும்பிப் பார்க்காத காலம் வந்ததும், அங்கே இருந்த ஒயின் வியாபாரிகள் எல்லாரும் சேர்ந்து மன்னரின் காலில் போய் விழுந்தார்கள்.

மன்னர் ஆணையிட்டார். கடலுக்கு அப்பாலுள்ள நம் நாடுகளில் இனி ஒருவரும் புதிதாக ஒரு திராட்சைக் கொடியையும் மண்ணில் நடக்கூடாது, இருக்கிற கொடி இருந்துவிட்டுப் போகட்டும், ஆனால் ஒரு கொடி பட்டுப்போனால் அதன் குழியை மூடிவிட வேண்டும் என்று, கோயில் வாசலில் பறையடித்து வாசித்தார்கள். ஊரின் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக வந்து அந்த ஆணையை முத்தமிட்டுத் தலைமேல் வைத்துக்கொண்டார்கள். முதலில் வைத்துக்கொண்டவர் தோன் பல்தசார். பள்ளத்தாக்கின் பாதி நிலம் அவருடையது. ஸ்பெயினிலிருந்து வரும் பீப்பாய்களை இறக்கி விற்கும் உரிமையையும் அவர் அதற்கு முந்தைய மாதமே வாங்கி வைத்திருந்தார் என்பதால், கொடி இருந்தாலும் அவருக்கு லாபம், கொடி பட்டுப்போனாலும் அவருக்கு லாபம். இப்படிப்பட்ட மனிதர்கள்தான் எந்த ஆணையையும் மனப்பூர்வமாகத் தலைமேல் வைத்துக்கொள்ள முடியும்.

கொடிகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போயின. குழிகள் மூடப்பட்டன. பீப்பாய்கள் வந்தன. கடல்மேல் அத்தனை மாதம் வெயிலில் உருண்டு வந்த அந்த ஒயின், துறைமுகத்தில் இறங்கும்போதே பாதி புளித்திருக்கும், பள்ளத்தாக்கு வந்து சேரும்போது சுத்தமான காடியாகியிருக்கும். பாதிரியார் அன்செல்மோ அதைத்தான் பூசையில் குடித்தார். கிண்ணத்தை உயர்த்திக் குடித்ததும் அவர் கண்கள் இறுக மூடிக்கொள்ளும், கன்னம் உள்ளே ஒட்டிக்கொள்ளும், தோள்பட்டை குலுங்கும், கண்ணோரம் நீர் வழியும். சபையில் இருந்தவர்கள் இத்தனை பக்தியை எந்தப் பாதிரியாரிடமும் கண்டதில்லை. பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் அவர் அழுவதைப் பார்க்க வந்தார்கள்.

இந்த ஊரில்தான் கசில்டா இருந்தாள். சாடிகளின் உட்புறம் கீல் பூசி ஒயின் கசியாமல் ஆக்குவது அவள் வேலை. புருஷன் ஆற்றுவெள்ளத்தில் போய்விட்டான். அவன் விட்டுப்போனது ஒரு மண்குடிசையும், வாசலில் ஒற்றைத் திராட்சைக் கொடியும். ஆணை வந்த மூன்றாவது கோடையில் அந்தக் கொடியும் பட்டுப்போகும் நிலைக்கு வந்து, போகிற போக்கில் ஒரே ஒரு குலை காய்த்தது. கசில்டா அதைப் பறித்து, வாசலிலேயே உட்கார்ந்து, தோலையும் விதையையும்கூடத் துப்பாமல் முழுக்கத் தின்றாள். மறுநாள் சொன்னபடி குழியை மூடினாள்.

வசந்தம் வந்தபோது அவளுடைய இடது தோளில் ஒரு கணு கட்டியது. இரண்டு நாள் அரித்தது. பிறகு தோல் விரிந்து, சிவப்பும் பச்சையுமாக, பிறந்த குழந்தையின் காதைப்போலச் சுருண்ட ஒரு துளிர் வெளியே வந்தது. கசில்டா அதைத் தலை பின்னும்போதுதான் பார்த்தாள். ரவிக்கையில் அந்த இடத்தில் ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

ஊர் திகைக்கவில்லை. கொடி வளர்ப்பவர்கள் ஊர் அது. ஒரு துளிரைப் பார்த்தால் அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கமாட்டார்கள், எந்தப் பக்கம் போகிறது என்றுதான் கேட்பார்கள். "இடது பக்கம் சுமை தூக்காதே, முறிஞ்சிடும்" என்றாள் ஒருத்தி. "காலை வெயில் படறாப்பில உட்காரு" என்றாள் இன்னொருத்தி. பழைய கொடிக்காரர்கள் வந்து பார்த்து, முதல் வருஷம் இரண்டு கிளைக்கு மேல் விடக்கூடாது என்றும், விடலாம் என்றும், ஒருவரோடு ஒருவர் சண்டை போட்டுக்கொண்டு பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கோடையில் கொடி அவள் தலைக்குமேல் ஏறிக் குடைபோலக் கவிந்தது. நிழலே இல்லாத அந்த ஊரில், மத்தியான வேளையில் கசில்டா எங்கே உட்கார்ந்திருக்கிறாளோ அங்கே பெண்கள் வேலையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள்.

கறுப்புக் குலைகள் காய்த்தன. அவளே பறித்தாள், அவளே மிதித்தாள், தானே கீல் பூசிய சாடியில் ஊற்றி மண்ணில் கழுத்துவரை புதைத்தாள். குளிர்காலம் முடிந்து திறந்தபோது, முதல் கிண்ணத்தைப் பாதிரியார் அன்செல்மோவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அந்த ஞாயிறு பூசையில் பாதிரியார் கிண்ணத்தை உயர்த்திக் குடித்தார். கண் மூடவில்லை. தோள் குலுங்கவில்லை. முகம் மலர்ந்து, இன்னொரு மடக்குக் குடித்தார். சபையில் சலசலப்பு எழுந்தது. பூசை முடிந்து வெளியே வந்தவர்கள், சாமியாருக்கு விசுவாசம் போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

செய்தி தோன் பல்தசாருக்கு எட்டியது. அவர் கசில்டாவின் குடிசைக்கே வந்து ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்தார். கிண்ணத்தின் அடியையும் விரலால் வழித்து நக்கினார். வீட்டுக்குப் போய்க் கூடை கூடையாக உலர்ந்த திராட்சை வரவழைத்து, விதையோடு விழுங்கினார். தோளில் முளைக்கவேண்டும் என்று சட்டையைக் கழற்றிவிட்டு முற்றத்தில் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். பாதிரியாரைக் கூப்பிட்டுத் தோளை மந்திரிக்கச் சொன்னார். இதைப் பார்த்த ஊரும் விதை விழுங்க ஆரம்பித்தது. அந்த வசந்தத்தில் பள்ளத்தாக்கில் வயிற்றுவலி இல்லாத வீடு இல்லை. ஒருவர் தோளிலும் ஒன்றும் முளைக்கவில்லை. தோன் பல்தசாருக்கு மட்டும் முதுகுத் தோல் உரிந்தது.

அவர் படுத்திருந்தபடியே யோசித்தார். முதுகு ஆறியதும் தலைநகர் லிமாவுக்கு ஆள் அனுப்பினார். கொஞ்ச காலத்தில் மன்னரின் மேற்பார்வையாளர் தோன் ஹெரோனிமோ, குதிரைமேல், குடை பிடித்த ஆளோடு வந்து சேர்ந்தார். மெலிந்த, நிதானமான மனிதர். எதையும் இரண்டு முறை கேட்பார், இரண்டாவது முறை கேட்கும்போது பதில் அவருக்குப் பிடித்தமாதிரி மாறியிருக்கும். கோயில் முற்றத்தில் நாற்காலி போட்டு விசாரணை நடந்தது. ஊரே கூடியது. கசில்டா நடுவில் நின்றாள்; அவள் கொடி அப்போது பூவெடுத்திருந்தது.

"இந்தக் கொடியை நட்டது யார்?"

"யாரும் நடலைங்க ஐயா. அதுவா வந்தது."

"விதை?"

"தின்னேன்."

"எதற்காக?"

"பசிச்சுது."

மேற்பார்வையாளர் தலையசைத்தார். "ஆணை என்ன சொல்கிறது? மண்ணில் நடக்கூடாது என்கிறது. இங்கே நட்டவர் இல்லை. அது இருக்கட்டும். மண்?"

தோன் பல்தசார் எழுந்தார். "ஐயா, நான் இந்த நாட்டில் நாற்பது வருஷமாகக் கொடி வளர்க்கிறேன். மண் இல்லாமல் திராட்சை முளைத்ததாக நான் பார்த்ததில்லை. முளைத்திருக்கிறது என்றால் அடியில் மண் இருக்கிறது. அந்த மண் வசிக்கிற குடிசை என் எல்லைக்குள் நிற்கிறது. அதுவாக முளைத்ததால் ஆணை மீறப்படவில்லை. மண்ணாக இருப்பதால் அது என் நிலம்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. பாதிரியார் அன்செல்மோ முன்னால் வந்தார். "இவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தது நான்."

"நிலத்தின்மேலும்தான் வருஷா வருஷம் தீர்த்தம் தெளிக்கிறீர்கள், சாமி. சாம்பல் புதனன்று எங்கள் நெற்றியிலெல்லாம் சாம்பல் பூசி, நாங்கள் மண் என்று சொல்வது யார்?" என்றார் தோன் பல்தசார். பிறகு, குரலைத் தாழ்த்தாமலே, "நிலம் என்று ஆனால் விளைச்சலில் கோயிலுக்குத் தசமபாகம் உண்டு. வெறும் பெண்பிள்ளை என்றால் எதில் பத்தில் ஒன்று கேட்பீர்கள்?"

பாதிரியார் தரையைப் பார்த்தார். வாயில் இன்னும் அந்த ஒயினின் ருசி இருந்தது. கூடவே கோயில் அறையில் இன்னும் தீராமல் கிடந்த காடிப் பீப்பாயும் நினைவுக்கு வந்தது. திருமறை விஷயத்தில் தோன் பல்தசார் சொல்வது தவறென்று சொல்ல முடியாது என்று மெல்லச் சொன்னார்.

"ஒண்ணு கேக்கலாமுங்களா?" என்றாள் கசில்டா. "எல்லாரும் மண்ணுதான்னா, நீங்க எல்லாரும் யாரோட நிலம்?"

மேற்பார்வையாளர் நெடுநேரம் யோசித்து, பிறகு மிகத் தெளிவாகச் சொன்னார்: "விளைகிற மண் நிலம். விளையாத மண் மனிதன்."

இவ்வளவு படித்தவரை அந்த ஊர் பார்த்ததில்லை. கூட்டம் ஆமோதித்து முணுமுணுத்தது. அடுத்து நஞ்சையா புஞ்சையா என்ற கேள்வி எழுந்தது. தினமும் தண்ணீர் குடிக்கிறாள் என்பதால் நஞ்சை என்று முடிவாயிற்று. மேற்பார்வையாளருக்கு ஒவ்வொரு விளைச்சலிலும் சில சாடிகள் என்பதும், யாரும் எழுதாமலே, எல்லாருக்கும் புரியும்படி முடிவாயிற்று.

அன்று மாலையே அவளைச் சுற்றி நான்கு எல்லைக்கற்களை நட்டார்கள்.

நிலத்துக்குச் சொத்து இருக்க முடியாது என்பதால் குடிசை தோன் பல்தசாருக்குப் போயிற்று. நிலம் கூலிக்கு வேலை செய்யாது என்பதால் கீல் பூசும் வேலை வேறொருத்திக்குப் போயிற்று. ஆனால் நிலத்துக்கு வெயில் வேண்டும், காலையில் தோன் பல்தசார் வீட்டின் கிழக்கு முற்றத்திலும் மாலையில் மேற்கு முற்றத்திலும் இருந்தால் குலை இனிக்கும் என்று பழைய கொடிக்காரர்கள் சொன்னதால், கசில்டா எழுந்து நடக்க வேண்டியிருந்தது. அவள் எழுந்தால் நிலம் எல்லையை விட்டு நகர்ந்ததாக ஆகிவிடும் என்பதால், அவள் நடக்கும்போது கையில் இரண்டிரண்டு கல்லாக, வேலைக்காரர்கள் இருவர் முன்னும் பின்னும் சுமந்துகொண்டு நடந்தார்கள். அவள் நின்றால் கல்லை வைத்தார்கள். அவள் ஒதுங்கப் போனாலும் கல் போயிற்று. முதல் வாரம் பிள்ளைகள் பின்னாலேயே ஓடினார்கள்; பிறகு பழகிவிட்டது. ஊருக்கு எதுவும் பழகிவிடும்.

அவள் நிழலில் உட்கார்ந்து பேசிய பெண்கள், இப்போது அடுத்தவர் நிலத்துக்குள் கால்வைக்கக் கூடாதே என்று கல்லுக்கு வெளியே நின்று பேசினார்கள்; வெளியே வெயில் என்பதால் பேச்சு சுருங்கிற்று; பிறகு தூரத்திலிருந்து கையசைத்தார்கள்; பிறகு நிலத்தைப் பார்த்துக் கையசைப்பது பைத்தியக்காரத்தனமாகப் பட்டதோ என்னவோ, அதையும் விட்டார்கள். பாதிரியார் பூசையில் அவளுக்கு நன்மை அப்பம் கொடுப்பதை நிறுத்தினார், ஆனால் நடவுக்காலப் பவனியில் புனிதர் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அவளை மூன்றுமுறை சுற்றித் தீர்த்தம் தெளித்தார், பார்த்தவர்களுக்கெல்லாம் கண் கலங்கியது. சாணி போடலாமா கூடாதா என்று ஒரு விவாதமும் நடந்தது. போட்டார்கள்.

ஒயின் மலையேறிச் சுரங்க ஊருக்குப் போனது, லிமாவுக்குப் போனது. திராட்சை நடுவதைத் தண்டிக்கிற நீதிபதிகள் வீட்டு மேசைகளிலும் அது இருந்தது. குடித்தவர்கள் கண்ணை மூடி, இதில் நல்ல மண்ணின் குணம் தெரிகிறது என்றார்கள்.

கொடி தடித்தது, கசில்டா மெலிந்தாள். இடது தோள் கீழே இறங்கிவிட்டது. அவள் குனிந்தே நடந்தாள். குளிர்காலத்தில் கவாத்து செய்ய ஆள் வந்து கத்தியை வைத்ததும் அவள் கத்தினாள். அவன் பயந்து கத்தியைக் கீழே போட்டான். தோன் பல்தசார் திண்டில் சாய்ந்தபடியே, "நிலம் கத்தாது. வெட்டுடா" என்றார். அவன் வெட்டினான். அடுத்த வருஷங்களில் கசில்டா கத்தவில்லை. வெட்டிய இடத்திலிருந்து வசந்தத்தில் தண்ணீர்போலச் சாறு சொட்டி அவள் முதுகை நனைத்தபடி இருக்கும்.

சாடிகளை மலைக்குச் சுமக்கும் கோவேறு கழுதைக்காரன் தாதேயோ மட்டும் எல்லைக்கல்லை மதிக்கவில்லை. மதிக்கக்கூடாது என்று அவனுக்கு ஒன்றும் கொள்கை கிடையாது. மலைப்பாதையிலேயே வாழ்ந்தவன் என்பதால் கல்லைக் கண்டால் தாண்டித்தான் பழக்கம். ஒருநாள் சாடி ஏற்றிவிட்டு நேரே உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வலிக்குதா?"

அவளிடம் அப்படி யாரும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. "ராத்திரி ஒருக்களிச்சுப் படுக்க முடியல" என்றாள். "மத்தபடி வலிக்குதான்னு யோசிக்கிறதே மறந்துபோச்சு."

"மேல போறப்ப எல்லாரும் உன் ஒயினைப் புகழுறாங்க. எனக்கு அந்தச் சாடியைத் தொடவே பிடிக்கல."

"நல்லா இல்லியா?"

"குடிக்கல. சுமக்கிறேன், போதாதா?"

அதற்கப்புறம் மலையிலிருந்து இறங்கும்போதெல்லாம் வந்தான். ரொட்டியும், உப்புக்கண்டமும், ஒருமுறை கம்பளிப் போர்வை ஒன்றும் கொண்டுவந்தான். ஓர் அறுவடைக்குப் பின் பாதிரியாரிடம் போய், கசில்டாவைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்று கேட்டான்.

பாதிரியார் அன்செல்மோ கெட்டவர் அல்ல. அவனை உட்காரவைத்துப் பொறுமையாகத்தான் விளக்கினார். "நிலத்துக்குத் திருமணம் என்ற அருட்சாதனம் கிடையாது, தாதேயோ. குத்தகைக்கு வேண்டுமானால் எடுக்கலாம். அதற்கு நீ தோன் பல்தசாரைத்தான் கேட்கவேண்டும்."

"அவ 'சரி'ன்னு சொன்னாளே, சாமி."

"அப்படிச் சொல்லாதே. நிலம் பேசுகிறது என்று சொன்னால் அது சூனியம்."

தாதேயோ தோன் பல்தசாரிடமும் போனான். அவர் விழுந்து விழுந்து சிரித்தார், சிரித்து முடித்ததும் யோசனையில் ஆழ்ந்தார். கழுதைக்காரன் ஒருத்தன் நிலத்தைத் தள்ளிக்கொண்டு போக நினைக்கிறான் என்றால், நிலம் போதுமான அளவு ஊன்றி நிற்கவில்லை என்று அர்த்தம். தவிர, விளைச்சலும் அந்த வருஷம் கொஞ்சம் குறைந்திருந்தது. கொடிக்கு ஆழமான வேர் இல்லாததுதான் குறை என்று கொடிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். ஆகவே, நடவுக்காலப் பவனி நாளில், மேற்பார்வையாளர் தம் சாடிகளை வாங்கிக்கொள்ள வரும்போது, எல்லார் முன்னிலையிலும் கசில்டாவை இடுப்புவரை மண்ணில் இறக்கி மூடிவிடுவது என்று ஏற்பாடு செய்தார். கிழக்கு முற்றத்தில் குழி வெட்டினார்கள். பார்த்துப் பார்த்து, சாம்பலும் எருவும் கலந்து, அடியில் கூழாங்கல் பரப்பி, மிக நன்றாகவே வெட்டினார்கள்.

பவனி வந்தது. மத்தளம், பதாகை, சொரூபம், பாதிரியார், நாற்காலியில் மேற்பார்வையாளர், அவருக்குக் குடை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஊர் முழுக்க வந்திருந்தது. பாதிரியார் குழியை மந்திரித்தார். கசில்டா எட்டிப் பார்த்தாள். உள்ளே ஈர மண் மினுங்கியது. எல்லாரும் அவள் இறங்குவதற்காகக் காத்திருந்தார்கள். கோபமாக இல்லை, அன்பாகத்தான். ஆற்றில் புதுத்தண்ணீர் வரக் காத்திருப்பதுபோல.

அவள் நிமிர்ந்து, தோளில் இருந்த பாரத்தை ஒருமுறை சரியாக எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு திரும்பிக் கல்லைத் தாண்டி நடந்தாள்.

வேகமாக நடக்கவில்லை, அவளால் முடியாது. கொடியின் நுனிகள் பின்னால் மண்ணில் இழுபட்டன. கல்லைச் சுமக்கிற வேலைக்காரர்கள் இருவரும் பழக்கதோஷத்தில் ஆளுக்கு இரண்டு கல்லை எடுத்துக்கொண்டு அவளைச் சுற்றியபடி நடந்தார்கள்.

"பிடியுங்கடா!" என்று தோன் பல்தசார் கத்தினார்.

ஊர்க்காவலன் இரண்டு அடி ஓடி நின்று, மேற்பார்வையாளரைத் திரும்பிப் பார்த்தான். "என்ன குற்றம்னு பிடிக்கிறதுங்க ஐயா?"

"ஓடிப்போகிறாள், பார்த்தால் தெரியவில்லையா?" என்றார் தோன் பல்தசார்.

"நிலம் ஓடாதே," என்றார் மேற்பார்வையாளர் மெதுவாக.

"அப்ப பொம்பளைன்னு பிடிக்கட்டுங்களா?"

மேற்பார்வையாளரின் முகம் சுண்டியது. பெண் என்றால் அன்றைய தீர்ப்பு தப்பு. தீர்ப்பு மன்னரின் பெயரில் சொல்லப்பட்டது. மன்னர் தப்பு செய்ததாக ஒரு கழுதைப்பாதைப் பள்ளத்தாக்கில் நின்றுகொண்டு யார் சொல்வது? அது போகட்டும், பெண் என்றால் இத்தனை வருஷம் குடித்ததெல்லாம் யாருடையது? அவர் தம் குடையின் நிழலுக்குள் இன்னும் கொஞ்சம் நகர்ந்துகொண்டார். "நிலம் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது," என்றார். "எனக்கு நன்றாகத் தெரிகிறது."

"சாமி, நீங்களாவது சொல்லுங்க!" என்றார் தோன் பல்தசார்.

பாதிரியார் அன்செல்மோ தீர்த்தச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். கசில்டா அவரைக் கடந்துபோகும்போது நின்று, "ஞானஸ்நானம் கொடுத்தப்ப எனக்கு என்ன பேர் வச்சீங்க, சாமி?" என்றாள். பதிலுக்காக அவள் காத்திருக்கவில்லை.

கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. முன்பு அவள் நிழலில் உட்கார்ந்த பெண்களில் ஒருத்தி குனிந்து, இழுபட்ட கொடிநுனிகளைச் சேர்த்தெடுத்து அவள் கையில் கொடுத்தாள். ஆற்றங்கரையில் தாதேயோ கழுதைகளோடு நின்றிருந்தான். வேலைக்காரர்கள் அதுவரை வந்துவிட்டு, தண்ணீரைக் கண்டதும், இதற்குமேல் தங்களால் ஆகாது என்று நான்கு கல்லையும் கரையில் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். அவள் ஆற்றைக் கடந்தாள்.

கல் விழுந்த இடத்தில் நிலம் இருப்பதாகச் சட்டப்படி ஆயிற்று. தோன் பல்தசார் அங்கே காவல் போட்டார், வேலி கட்டினார், வருஷம் தவறாமல் வரி கட்டினார். ஸ்பெயினிலிருந்து வந்த காடியில் கரும்புப் பாகைக் கலந்து, அதே பெயரில் மலைக்கும் லிமாவுக்கும் அனுப்பினார். லிமாவில் குடித்தவர்கள் கண்ணை மூடி, அந்த மண்ணின் குணம் வருஷத்துக்கு வருஷம் மேம்பட்டு வருகிறது என்றார்கள். பாதிரியார் அன்செல்மோ மறுபடி காடியைத்தான் குடித்தார். இப்போது அவர் அழுதது எதற்கென்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை என்று சொல்கிறார்கள்.

கசில்டாவும் தாதேயோவும் கணவாயைத் தாண்டி, தெற்கே வேறொரு பள்ளத்தாக்கில், சரிவில் ஒரு குடிசை போட்டார்கள். முதல் குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்ததும் அவள் கத்தியைத் தாதேயோவிடம் நீட்டினாள்.

"அடியோட வெட்டு."

அவன் கத்தியை வாங்கினான், தோளைப் பார்த்தான், திருப்பிக் கொடுத்தான். "என்னால ஆகாது, கசில்டா. வேணும்னா கட்டி வச்சு வளத்துக்கலாம். ரெண்டு பேருக்கும் நிழலாச்சு."

"உனக்கு நிழல். எனக்குப் பாரம்."

அவன் வெளியே போய்க் கழுதைக்குத் தீனி வைத்தான். திரும்பி வந்தபோது அவள் தானே வெட்டி முடித்திருந்தாள். பல்லுக்கு நடுவில் கடித்திருந்த கயிறு இன்னும் வாயில் இருந்தது. காயம் வசந்தம்வரை நீர் சொட்டி, பிறகு ஒரு காசளவு மரப்பட்டைபோலக் கறுத்து ஆறியது. வெட்டிய கொடியை அவள் எறியவில்லை. கணுக்கணுவாக நறுக்கி, சரிவு முழுக்க, கையாலேயே மண்ணைத் தோண்டி வரிசையாக நட்டாள். அக்கம்பக்கத்தார் கேட்டால் கொடுத்தாள். தூரத்து ஊர்க்காரர்களும் வந்து கேட்டார்கள், அவர்களுக்கும் கொடுத்தாள். நான்கைந்து அறுவடைக்குள் அந்தப் பள்ளத்தாக்கில் கொடி இல்லாத வீட்டைத் தேடவேண்டியதாயிற்று.

அதற்குள் மன்னரின் ஆணை அங்கேயும் வந்து சேர்ந்தது. ஒரு நாள் காலையில் காவலர்களோடு ஓர் அதிகாரி சரிவில் ஏறி வந்தார். கசில்டா மண்ணில் முழங்காலிட்டுக் களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இதையெல்லாம் நட்டது யார்?"

"நான்தானுங்க" என்றாள் அவள். "இந்த வரிசை, அந்த வரிசை, கீழ ஆத்தோரம் இருக்கிறது எல்லாம். நானே நட்டேன்."

இவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்பவரை அதிகாரி பார்த்ததில்லை; சந்தேகமாக இருந்தது. "ஆணை தெரியாதா?"

"தெரியும். பறையடிச்சப்ப அங்கதான் இருந்தேன்."

அவளைக் கையைக் கட்டி ஊருக்குள் கொண்டுபோனார்கள். தாதேயோ பின்னாலேயே அழுதுகொண்டு வந்தான். அவள் அழவில்லை. பெயர் கேட்டார்கள், சொன்னாள். யார் மகள் என்று கேட்டார்கள், யார் மனைவி என்று கேட்டார்கள், வயது கேட்டார்கள், மதம் கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அவள் நிதானமாக, ருசித்துப் பதில் சொன்னாள், முடிந்ததும் இன்னும் ஏதாவது கேட்கவேண்டியிருக்கிறதா என்று கேட்டாள். குற்றவாளி என்று தீர்த்து அறையில் அடைத்தபோது அவள் முகத்தில் இருந்ததைப் பார்த்துச் சிறைக்காவலன் குழம்பிப்போனான்.

"ஏம்மா சிரிக்கிறே? உள்ளே போட்டிருக்காங்க உன்னை."

"நிலத்தை யாரும் உள்ள போடமாட்டாங்கய்யா" என்றாள்.

அவனுக்குப் புரியவில்லை. வைக்கோலைப் பரப்பிக் கொடுத்தான். அவள் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, சாயங்காலம்வரை அடித்துப்போட்டமாதிரி தூங்கினாள். எழுந்தபோது அவன் கம்பிக்கு வெளியே உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு மண்கிண்ணம். பாவமாக இருந்ததோ என்னவோ, கிண்ணத்தைக் கம்பிவழியாக நீட்டினான். "குடி. என் வீட்டுக் கொடியில வந்தது. யார்கிட்டயும் சொல்லாதே."

அவள் வாங்கி முகர்ந்தாள். ஒரு மடக்கு வாயில் எடுத்து, நாக்கில் சுழற்றி, கண்ணை மூடாமல் விழுங்கினாள்.

"எப்படி?" என்றான் சிறைக்காவலன், கொஞ்சம் ஆவலோடே.

"அவசரப்பட்டுத் திறந்துட்டே" என்றாள் கசில்டா. "இன்னும் ஒரு குளிர்காலம் விட்டிருக்கணும்." சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்து, கிண்ணத்தைத் திருப்பி நீட்டினாள்.